மைக் சடையப்பன் மகளை அழைத்து வந்தவன்

வெந்நீர் இருந்தால் கொடுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மைக் பிடிக்கிறவன் குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது. புதுவாயல் வட்டாரத்தில் சாவோ, ஆடி மாதக் கூழோ, குழாய்த் தண்ணீர் வராத நாளோ, ஆட்டோவில் உட்கார்ந்து இந்தச் சடையப்பன் சொன்னால்தான் சனம் நம்பும். அதனால்தான் தேர்தலுக்கு வேட்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

வடக்கத்தி ஆட்களைப் பற்றிப் பேசச் சொன்னார். முதலில் நியாயமாகத்தான் பேசினேன். கம்பெனிக்காரன் குறைந்த கூலிக்கு அவர்களை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை வாசலோடு அனுப்புகிறான் என்றேன். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பான்? தகரக் கொட்டகை போட்டு அவர்களிடம் வாடகை வாங்குகிறவனே இவன்தான். உண்மையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்.

மறுநாள், "தாய்மார்களே, உங்க ஊட்டுப் புள்ளைங்க பத்திரம், வடக்கத்திக்காரன் சுத்திக்கினு இருக்கான்" என்று மட்டும் சொன்னேன். தெருவில் அத்தனை கதவும் திறந்தன. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆரம்பாக்கத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிவிட்டார்கள் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் மறுக்கவில்லை. ஓட்டு எங்கள் பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரிந்தது.

துரியோதனைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரிசாக்காரன், இரும்புக் கம்பெனியில் வேலை. அவர்கள் பக்கம் அது சாதாரணப் பெயராம். என் மனைவி ஜோதிலட்சுமியின் நாஷ்டா கடையில்தான் சாப்பிடுவான். கடையில் கூட்டமாக இருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் மகள் ஸ்நேகாவை ஹைவேயைத் தாண்டிக் கூட்டி வருவதும் அவன்தான். ஜோதி அனுப்புவாள். எனக்கும் தெரியும்.

பிரசாரத்தின் கடைசி நாள் ஸ்நேகா கையைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தபோது மடக்கிவிட்டார்கள். இருவரையும் என் ஆட்டோவுக்கு இழுத்து வந்தார்கள். அவனோடு ஒரே பெஞ்சில் இட்லி தின்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு வாயும் திறக்கவில்லை. மனுஷ ஜென்மங்களா இவர்கள் என்று அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, உன் பொண்ணையே தூக்கிக்கினு போறான். இவன் யாருன்னு தெரியுமா?" என்றான் ஒருவன்.

உதட்டில் ரத்தத்தோடு அவன் என்னைப் பார்த்தான். "அக்கா அனுப்பிச்சு. நீ சொல்லு, அண்ணா."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பார்கள். ஆனால் என் பிள்ளையையே வடக்கத்தியான் கையில் கொடுத்து அனுப்புகிறேன் என்று தெரிந்தால், நான் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். நாளை மறுநாள் ஓட்டு. நிதானமாக யோசித்தேன், ஐயா. பதறவில்லை.

"தெரியாது" என்றேன்.

"மாமாவ உடச் சொல்லுப்பா" என்று ஸ்நேகா என் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். கூட்டத்தின் இரைச்சலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. குழந்தை பயந்துபோய் அழுகிறது என்று மைக்கில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கட்டையை எடுத்தார்கள்.

நான் கை ஓங்கவில்லை. அவன் உயிர் போனதையும் நான் பார்க்கவில்லை, அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவனைக் கண்டு பயந்த பயம், பாவம், இன்னும் தெளியவில்லை.