கையேட்டில் வெட்டுப்பட்ட இரண்டு வரி

அவைக்குத் தலைமை தாங்கும் ஆசிரியை சத்தியபாய் அவர்களே! அலோபதியையும் ஆயுர்வேதத்தையும் ஒரே மேசையில் அமர வைத்திருக்கும் மருத்துவர் ஓமனா அவர்களே! அலையோடு மல்லுக்கட்டியும் அலுக்காத பெரியோர்களே! மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் கடலை கொறிக்கும் இளைஞர்களே! உங்கள் சூசையின் வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்கு எளிய தமிழில் பொருள் சொல்லும் கையேட்டை வெளியிட அழைத்தீர்கள். ஒருங்கிணைந்த மருத்துவம், ஊட்டச்சத்து, மன அழுத்தம் என்று எழுபத்திரண்டு சொற்கள். எழுதியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது; படிப்பை நான் விடவில்லை. ஆனால் கடைசிச் சொல்லுக்கு நான் எழுதிய பொருளைக் கையேட்டுக் குழு வெட்டிவிட்டது! நேரமாகிறதா, தலைவரே? ஆகட்டும்.

எந்தச் சொல்? அகக்காயம். மருத்துவர்கள் ட்ராமா என்பார்களே, அது. அச்சில் வந்திருப்பது, 'பேரிடருக்குப் பிந்தைய உளவியல் பாதிப்பு.' இது பொருளா, பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டா?

சுனாமி வந்து இது நான்காவது ஆண்டு. நம் மருத்துவ முகாமுக்கு ஒரு மீன்காரி வந்தார். ரத்தம் குறைவு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். 'கதையைச் சொல்லுங்க, எனக்க பேரைச் சொல்லாதீங்க' என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். மருத்துவர் ஓமனா கேட்டார், 'மீன் சாப்பிடுவீங்களா?' 'பின்னே? தினமும் சாளை மீனாக்கும்!' மாத்திரை மாறியது, லேகியம் சேர்ந்தது, மூச்சுப் பயிற்சி கூடியது. ரத்தம் மட்டும் ஏறவில்லை.

எழுதிய பொருளைச் சந்தையில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். கருங்கல் ஊர்ச் சந்தையில் அவரிடம் சாளை வாங்க நின்றபடி, இந்தச் சொல்லுக்கு முதலில் எழுதியிருந்த பொருளை வாசித்தேன். அந்த மீன்காரி அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

'அண்ணே, எனக்க வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோன நாள்ல இருந்து எனக்கு மீன் இறங்கல்ல. அடுப்பில மீன் கொதிச்சா கஞ்சியும் இறங்காது.'

'பின்னே டாக்டரிட்ட ஏன் அப்படிச் சொன்ன?'

'நல்லா கேட்டிய! பின்னால வரிசையில நின்னது முழுக்க எனக்க வாடிக்கைக்காரிய. மீன்காரியே திங்காத மீனை எவ வாங்குவா?'

சிரிக்கிறீர்களா? அவரும் சிரித்தார். என் வாயை அடைக்க இரண்டு சாளை கூடவே போட்டார்.

அன்றுதான் பொருளை மாற்றி எழுதினேன்: 'உயிர் தப்பியவர் தொண்டையில் அந்த நாள் அடைத்துக்கொண்டு நிற்பது. வரிசையில் நிறுத்திக் கேட்டால் வெளியே வராது.' இரண்டே வரி! அறிவியல் இல்லையாம்! மருந்து இருக்கிறது, மறைப்பு இருக்கிறதா? மருத்துவர் இருக்கிறார், மனம் திறக்க ஒரு மூலை இருக்கிறதா? கேள்வி கேட்க நாற்காலி இருக்கிறது, உண்மை சொல்ல இடம் இருக்கிறதா?

யார் அந்த மீன்காரி என்றா கேட்கிறீர்கள்? விடியும்வரை கேளுங்கள், சொல்ல மாட்டேன்... யாரது எழுந்திருப்பது? நேசம்மாள், உட்கார் தங்கச்சி! மாட்டாயா? சரி. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவர் சொன்னதை நான் சொல்கிறேன். 'நான்தான் அது. டாக்டரம்மா, மீன் தின்னு நாலு வருசமாச்சு. அதுக்குத் தக்க மருந்து எழுதுங்க. மத்தவிய கேட்டுக்கிடுங்க, மீனு நல்ல மீனாக்கும். கேடு எனக்க தொண்டையில. நாளைக்கும் வந்து வாங்கணும்!'

தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

இனி என் பிடிவாதம். எனக்குப் பின்னால் தொங்கும் இந்த மேடைத் திரை, நாளைக் காலை முகாமில் மருத்துவர் மேசையைச் சுற்றித் தொங்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பேச வேண்டும். ஓமனா அம்மா தலையசைக்கிறார், எல்லோரும் சாட்சி! அடுத்து, வெட்டுப்பட்ட அந்த இரண்டு வரியை ஐந்நூறு சீட்டில் அச்சடித்து, மைதாப் பசையும் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறேன். சீட்டு ஒட்டாத கையேடு ஒன்றுகூட இந்த மேடையை விட்டு இறங்காது! தலைவரே, முதல் சீட்டை நீங்கள்... இல்லை, நேசம்மாள் ஒட்டட்டும். வா தங்கச்சி. கை கழுவ வேண்டாம். மீன் வாசம் இருக்கட்டும்.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. பசை படப்போகும் கைகளுக்கு வணக்கம்!