அளவு மறந்த காலு

எட்டா ஒம்போதான்னு என்னக் கேட்டா எனக்கென்னா பாய் தெரியும்? காலு என்னுதுதான், அளவுதான் மறந்து போச்சு. ஏழு வருசமா இந்தக் காலு செருப்பப் பாக்கல. அதுக்கு முந்தி எட்டு போட்டதா நெனப்பு. இப்பப் பாருங்க, தோச ஊத்தின மாதிரி பரந்து கெடக்குது. அந்தப் பலகைய வெச்சு நீங்களே அளந்துக்கோங்க. ஐயோ, கைய வெக்காதீங்க, வெடிப்பு கிழிச்சுடும்.

பேரு திம்மப்பன். காவேரிப்பட்டினத்துக்கு அந்தாண்ட ஊரு. கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் தக்காளி. வெறுங்கால்லயே ஏழு வருசமாவா? ஆமா பாய், அது ஒரு வேண்டுதல். நெனச்சது நடக்கற வரைக்கும் கால்ல செருப்பு மாட்ட மாட்டேன்னு எங்கூரு மாரியாத்தாகிட்ட சொல்லிட்டேன். என்னா வேண்டுதல்னு மட்டும் கேக்காதீங்க, வெளிய சொல்லக் கூடாதும்பாங்க. நடந்துச்சான்னா, இல்ல, இன்னும் நடக்கல. அப்ப எதுக்கு கடைக்கு வந்தேன்னுதான பாக்கறீங்க? ஒடம்புல ரத்தம் இல்ல பாய். இனிமே செருப்பு போடாம மண்ண மிதிச்சா உசுருக்கு நான் பொறுப்பில்லன்னு டாக்டரம்மா சொல்லிடுச்சு.

ஆமா, சிரிங்க. ரத்தத்துக்கும் செருப்புக்கும் என்னா சம்பந்தம்னு நானும் அப்பிடித்தான் சிரிச்சேன்.

இது மூணு வருசத்துக் கூத்து. மொதல்ல வரப்பு ஏறுனா மூச்சு வாங்குச்சு. அப்பறம் மம்முட்டியத் தூக்குனா கண்ணு இருட்டுச்சு. எம் பொண்டாட்டி மாதம்மாள், இந்த ஆளுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, வேலைக்கு டிமிக்கி குடுக்குதுன்னு தெருவெல்லாம் சொன்னா. நான் சண்டைக்குப் போனனா? போகல. நானும் அதேதான் நெனச்சேன். நம்ம யோக்கியத நமக்குத் தெரியாதா?

அப்பறம் இந்த ஐஸ் பைத்தியம் வேற புடிச்சுது. சோறு வேணாம், கொழம்பு வேணாம், ஐஸ் வேணும். ஜூஸ் கடையில போயி ஜூஸ் வேணாம், ஐச மட்டும் குடுன்னு நிப்பேன். மீன் வண்டி வந்தா மீன் வாங்கற ஆளு மாதிரி பொட்டியாண்ட நின்னு, ஒரு கட்டி எடுத்து வாயில போட்டுக்குவேன். மொகம் சுளிக்காதீங்க, கழுவிட்டுத்தான் போடுவேன். எப்பவாச்சும் கழுவ மாட்டேன். ரத்தம் கொறஞ்சா சில பேருக்கு அப்பிடி ஆச வருமாம், இப்பத்தான் சொல்றாங்க.

சானமாவு காட்டாண்ட சொந்தக்காரன் தோட்டத்துக்குத் தக்காளி பறிக்கப் போயிருந்தேன். காட்டுலருந்து யான எறங்கிடுச்சுன்னு ஒரே கூச்சல். எல்லாரும் கூடையப் போட்டுட்டு ஓடுனாங்க. நான் ரெண்டு எட்டு வெச்சேன், மூச்சு நின்னு போச்சு, அப்பிடியே ஒக்காந்துட்டேன். யான என்னப் பாத்துச்சு, நான் யானயப் பாத்தேன். இத மிதிச்சு என்னா ஆவப் போவுதுன்னு நெனச்சுதோ என்னமோ, திரும்பிப் போயிடுச்சு. அன்னியிலருந்து அந்தப் பக்கம் நான் பெரிய தைரியசாலி. யான எதுர்ல காலு மேல காலு போட்டு ஒக்காந்தவன்னு இன்னிக்கும் பேசிக்கறாங்க. நானும் மறுக்கல.

டாக்டர்ங்கள ஏன் கேக்கறீங்க, எத்தனையோ பேரப் பாத்தாச்சு. எல்லாரும் கண்ணு எமைய இழுத்துப் பாப்பாங்க, நாக்க நீட்டச் சொல்லுவாங்க, சோகை, ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்தர எழுதுவாங்க. நானும் ஒழுங்காப் போட்டேன் பாய், ஒரு வேள வுடல. எதோட போட்டேன்னு கேளுங்க. டீயோட. காலையில டீ வந்தாத்தான் மாத்தர நெனப்பே வரும். டீ குடிச்சா இரும்புச் சத்து ஒடம்புல சேராதாம். மாத்தர பாதியும் அப்பிடியே உள்ள போயி அப்பிடியே வெளிய போயிருக்குது. வெளிய போனது கருப்பா இருந்ததப் பாத்து, கொடலு அழுவிடுச்சுன்னு அழுதவன்தான் நானு. அதுவும் மாத்தரையாலதானாம்.

மாதம்மாள் சும்மா இருப்பாளா? பீட்ரூட்டு, பேரீச்சம்பழம், முருங்கக்கீர. ஞாயித்துக்கெழம ஆனா கறிக்கடையில ஆட்டு சுவரொட்டிய, அதான் மண்ணீரல, எனக்குன்னே எடுத்து வெச்சிருப்பாங்க. மாமாவுக்கு மருந்துன்னு கடைக்காரன் கொரல் குடுப்பான். ஊர்ல இருக்கற ஆட்டு சுவரொட்டி எல்லாம் என் வயித்துலதான் கெடக்குது. ஒருவாட்டி ரத்தமே ஏத்துனாங்க. ஒரு மாசம் புது மாப்ள மாதிரி திரிஞ்சேன். அப்பறம் பழைய குருடிதான்.

நடுவுல எம் மருமவன் கமலக்கண்ணன் ஒரு காரியம் பண்ணுச்சு. தெக்கத்திப் பையன், இங்க ஒசூருல கம்பெனியில வேல. வெயில்ல கெடக்காதீங்க மாமான்னு, கம்பெனித் தோட்டத்துல செடிக்குத் தண்ணி ஊத்தற வேல வாங்கிக் குடுத்துச்சு. மொத நாளே கேட்டுல நிறுத்திட்டாங்க. சேப்டி ஷூ போடாம உள்ள வுட மாட்டாங்களாம், முன்னாடி இரும்புத் தகடு வெச்ச பூட்ஸு. ரோசாச் செடி என்னா என் கால் மேலயா வுழுவப் போவுதுன்னு செக்யூரிட்டிகிட்ட மல்லுக்கு நின்னேன். வேண்டுதல்னேன். ஆத்தாகிட்டருந்து லெட்டர் வாங்கிக்கினு வாங்கன்னான். வந்துட்டேன். கால்ல இரும்பு வேணாம்னு வந்தவன், அப்பறம் வாயால இரும்பத் தின்னேன்.

போன மாசம் எம் பொண்ணு நிர்மலா வந்து, இனிமே ஒன் பேச்சக் கேக்க மாட்டேன்னு இங்க கூட்டியாந்து ஒரு டாக்டரம்மாவாண்ட காட்டுச்சு. ரத்தம் பதிமூணு இருக்கணுமாம், எனக்கு ஆறுதான் இருக்குதுன்னாங்க. எங்கியாவது ஒழுகுதான்னு வயித்துக்குள்ள கேமரா வுட்டுக்கூடப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. அந்தம்மா கண்ணப் பாத்துச்சு, நாக்கப் பாத்துச்சு, அப்பறம் குனிஞ்சு என் காலப் பாத்துச்சு பாய். இத்தினி வருசத்துல ஒரு டாக்டரு என் காலப் பாத்தது அதான் மொத தடவ. பீ டெஸ்ட்டு எழுதுச்சு. அத டப்பாவுல போட்டு, பையில வெச்சு, டவுன் பஸ்ஸுல மடியில வெச்சிக்கினு போனேன். பக்கத்து சீட்டுக்காரன் மரியாதையா, அந்தப் பையக் குடுங்க பெரியவரே, நான் வெச்சிக்கறேன்னான். நல்ல மனுசன். குடுக்கல.

கொக்கிப் புழுவாம். ஜனங்க வெளிக்கிப் போற எடத்துல ஈர மண்ணுல இருக்குமாம். வெறுங்கால்ல மிதிச்சா தோலத் தொளச்சிக்கினு உள்ள போயி, கடைசியா கொடலுல தொங்கிக்கினு ரத்தத்த உறிஞ்சுமாம். எங்க தோப்பு ஓரம்தான் ஊருக்கே வெளிக்கி எடம். வூட்டுக்கு வூடு கக்கூசு கட்டிக் குடுத்திருக்காங்க, இல்லேன்னு சொல்லல. எங்க கக்கூசுல வெறகு அடுக்கி இருக்குது. நல்லா நனையாம இருக்குது வெறகு.

புழுவுக்கு மாத்தர குடுத்தாங்க, மாதம்மாளுக்கும் சேத்து. இரும்பு மாத்தர வெறும் வயித்துல, எலுமிச்சம்பழத் தண்ணியோட, மாசக்கணக்குல போடணும். முன்னயும் பின்னயும் டீயப் பக்கத்துலயே சேக்கக் கூடாது. அதெல்லாம் செரின்னேன். செருப்புன்னதும் எழுந்துட்டேன். உசுரு போனாலும் போட மாட்டேன், ஆத்தாவுக்குச் சொன்ன வாக்குன்னு வீராப்பா சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள கண்ணு இருட்டி மறுபடி அதே நாற்காலியில வுழுந்தேன்.

இன்னிக்கி மறுபடி காட்ட வந்தோம். திரும்பி ஷேர் ஆட்டோவுக்கு நிக்கறப்பதான் பொண்ணு பேசுச்சு.

என்னா வேண்டுதல்னு கேட்டீங்க இல்ல? வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்ககிட்ட பெருமையாச் சொன்னேன். அந்த ரகசியம் எங்கூர்ல ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். திருவிழா அன்னிக்கி, மைக்கு செட்டு ஓடறப்ப, அத்தினி ஜனத்துக்கு நடுவுல நின்னு கத்தி வேண்டுனவன் நானு. எம் பொண்ணு வயித்துல ஒரு கொழந்த பொறக்கற வரைக்கும் செருப்பு போட மாட்டேன்னு. கல்யாணம் ஆயி அப்ப ரெண்டு வருசம். ஆசதான் பாய். எம் பொண்ணு மேல எனக்கு உசுரு.

அது என்னா சொல்லுச்சு தெரியுமா? அப்பா, நீ தெருவுல நடந்து வர்றப்ப எல்லாரும் மொதல்ல ஒன் காலப் பாக்கறாங்க. அப்பறம் திரும்பி என் வயித்தப் பாக்கறாங்க. ஏழு வருசமா இப்பிடித்தான் பாக்கறாங்கப்பா, அதான் நான் பொங்கலுக்குக்கூட ஊருக்கு வர்றதில்லன்னுச்சு. கம்பெனியில லீவு குடுக்கலன்னு சொல்லும், நானும் நம்பி ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கம்பெனிக்காரன வாய்க்கு வந்தபடி திட்டுவேன். கொழந்த வந்தா வரட்டும், வராட்டி நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், நீ மட்டும் செத்துத் தொலச்சிடாதன்னுச்சு. சத்தமாக்கூடச் சொல்லல பாய். ஆட்டோ வருதான்னு ரோட்டப் பாத்துக்கினே சொல்லுச்சு.

என் ரத்தத்தப் புழு குடிச்சுது, செரி. எம் பொண்ணு ரத்தத்தக் குடிச்சது யாருன்னு எந்த டாக்டரும் டெஸ்ட்டு எழுதல.

ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். கோவம் வந்தா எம் மேல வரட்டும். அந்தக் கருப்பு செருப்பக் குடுங்க, அதுவே இருக்கட்டும். பொட்டி வேணாம், போட்டுக்கினே போறேன். அதோ ரோட்டுக்கு அந்தாண்ட, பச்ச சுடிதாரு, இந்தப் பக்கம் பாக்காத மாதிரி பாத்துக்கினு நிக்குது பாருங்க, அதான் நிர்மலா. நீயே போயி வாங்கிக்கினு வா, நான் வரலன்னுடுச்சு.

கண்ணா? ரத்தம் கம்மியா இருக்கறதால தண்ணி வருதுன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க நம்ப மாட்டீங்க. அழுவறேன்தான் பாய், வுடுங்க. இதுல எது வலது காலு, கொஞ்சம் திருப்பி வையுங்க.