காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் பிரெட்

“காய்ச்சல் இல்லாதவங்களையும் பிரெட் திங்க வெக்காம உடமாட்டேனுங்க, நங்கை.”

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் அவள் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் நங்கை என்போம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் இவள் சாண்ட்விச் வண்டி போடப் போகிறாளாம்.

“மத்தியானத்துக்குள்ள நனைஞ்சு கூழாயிருமே, கண்ணு?”

“ஆகாதுங்க. உள்பக்கத்த மொதல்ல கல்லுல வாட்டிட்டு, அதும்மேல வெண்ணெய், அப்பறந்தான் சட்னி. வெள்ளரிக்காய உப்புப் போட்டு, பனியன் துணில புழிஞ்சுட்டேன்.”

“உங்கண்ணன் வேண்டாங்கறாரே?”

“சொல்லட்டுங்க. நா மறுபடியும் தையல் மிஷின்ல உக்கார மாட்டேன். இதத் தின்னு பாருங்க, காத்தால செஞ்சது.”

டிபன் பாக்ஸைத் திறந்து ஒன்றை நீட்டினாள். நங்கை கடித்த மொறுமொறுப்பு எனக்கே கேட்டது. முழுவதையும் தின்று முடித்தாள்.

“காரம் பத்தல,” என்றாள். கை அடுத்ததற்குப் போனது.

“அதத் தொடாதீங்க! அது கம்பெனி வாட்ச்மேனுக்கு. வண்டி நிறுத்த அவருகிட்டத்தான் கேக்கோணும்.”

அருள்புரம் வந்தது. திருப்பூருக்கு டிக்கெட் வாங்கியிருந்த நங்கையும் எழுந்து, டிபன் பாக்ஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“நா கேக்கறேன் வா. நீ பேசுனா சண்டையிலதான் முடியும்.”