விமலா என்கிற பூச்சி

ஒரு பூச்சி கட்ட எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். கண் நன்றாக இருந்த காலத்தில் எட்டு நிமிஷம்தான்.

மேஜையில் நீங்கள் திறந்து வைத்திருக்கிற டப்பாவில் இருப்பதெல்லாம் நான் கட்டியவை, இன்ஸ்பெக்டர் மேடம். தொட்டுப் பாருங்கள், தப்பில்லை. விரல் மட்டும் பத்திரம். உள்ளே இருப்பது தூண்டில் முள். அதைச் சின்ன வைஸில் கவ்வ வைத்து, மேலே நூல் சுற்றி, சேவலின் கழுத்து இறகைக் கட்டிவிட்டால் தண்ணீரில் அசல் பூச்சி போலவே நீந்தும். புழு வேண்டாம், மைதா உருண்டை வேண்டாம். மீன் ஏமாந்து வாயைத் திறக்கும். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவோம். அது ஏமாந்த அந்த ஒரு நொடி போதும் எங்களுக்கு.

என் பெயர் ஞானாபரணம். போத்தனூர். ரயில்வேயில் முப்பத்திநாலு வருஷம் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுகிற வேலை. ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே ஆறு பூச்சிகள். யாரும் கேட்டு வரவில்லை. ஒன்றை எடுத்து, பிளேடால் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். பிரித்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டேன். கட்டக் கற்றுக்கொண்டது அப்படித்தான். யாரிடமும் போய் நிற்கவில்லை.

என் தூண்டில் கூட்டாளி நஞ்சுண்டன் சோமனூரில் நாற்பது தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததில் இரண்டு காதும் போய்விட்டது. காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். காது மெஷின் மாட்டினால் தலை வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். பவானி ஆற்றில் இறங்குகிறவருக்கு அது ஆபத்து. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் சங்கு ஊதுவார்கள். ஊதிய பத்தாவது நிமிஷம் முழங்கால் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிடும். அவருக்குத்தான் சங்கு கேட்காதே. அதனால் நான் கரையில் என் பழைய கொடிகளோடு உட்கார்ந்திருப்பேன். சிவப்புக் காட்டினால் கரையேற வேண்டும். பச்சை காட்டினால் பயமில்லை, நின்று பிடிக்கலாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துக்கொள்வார்.

"கார்டு சாரு பச்சை காட்டாம நம்ம வண்டி நகராதுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பதினொரு வருஷம் அந்த வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது.

விமலாராணி என் மனைவி. கடைசி வருஷம் முழுக்கப் படுக்கைதான். அவள் கட்டிலோரம் வைஸை மாட்டிக்கொண்டு பூச்சி கட்டுவேன். இறகைப் பொறுக்கித் தருவது அவள். கறுப்புச் சேவல் இறகு, அதன்மேல் மூன்று சுற்று பழுப்பு, வாலில் துளி சிவப்பு நூல். "செவப்பக் கொறைங்க, கல்யாண ஊடு மாதிரி இருக்குது" என்றாள். குறைத்தேன். அந்தப் பூச்சியைப் பார்த்த பெரிய கெண்டை எதுவும் சும்மா திரும்பியதில்லை. அதற்கு 'விமலா' என்று பெயர் வைத்தேன். அவள் போன பிறகு ஒரு டஜன் கட்டி நஞ்சுண்டனுக்கு மட்டும் கொடுத்தேன். பெயரையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

போன தை மாதம் கோயமுத்தூரில் ஓர் ஓட்டல் ஹாலில் தூண்டில்காரர்கள் கூட்டம் நடந்தது. மேடையில் திரை. திரையில் என் பூச்சி, தலையணை அளவுக்கு. கீழே 'நஞ்சுண்டன் ஸ்பெஷல்' என்று எழுத்து.

"ரெண்டு வருசம் ஒக்காந்து நானே கண்டுபுடிச்சதுங்க" என்று மைக்கில் சொன்னார். சால்வை போட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்து கை தட்டினேன்.

வெளியே வந்ததும் அவர் காதோடு வாய் வைத்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அட ஏனுங்க கார்டு சார், இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு. மீனுக்கென்ன படிக்கவா தெரியும்? எந்தப் பேரா இருந்தா என்னுங்க."

"அது விமலாவோட பேருங்க."

"செத்தவங்களுக்குச் சால்வை எதுக்குங்க? வாங்க, பிரியாணி ஆறிப்போகுது."

போய்ச் சாப்பிட்டேன். பிரியாணி நன்றாகவே இருந்தது.

மீனுக்குக் கட்டுகிற பூச்சி வேறு, மனிதனுக்குக் கட்டுகிற பூச்சி வேறு. முள்ளில் ஈயக்கம்பி சுற்றிக் கனமாக ஒன்று கட்டினேன். கரையிலிருந்து வீசினால் கல்லில் சிக்கும். ஆற்றின் நடுவே இருக்கிற பாறையில் நின்று வீசினால் மட்டும் மடுவின் ஆழத்துக்கு இறங்கும். "இதுக்கு உங்க பேரே வெச்சுக்குங்க" என்று கொடுத்தேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் மாதம் முழங்கால் ஆழம்வரை போனார். மூன்றாம் மாதம் இடுப்பு. ஐந்தாம் மாதம் பாறையில் ஏறி நின்று பன்னிரண்டு கிலோ கெண்டை ஒன்றைப் பிடித்தார். பிறகு வேறெங்கே நிற்கச் சொன்னாலும் நிற்க மாட்டார். பாறையிலிருந்து கரைக்கு வர அவருக்கு எட்டு நிமிஷம். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்தரைக்குச் சங்கு ஊதியது. நான் கரையில் ஒரு 'விமலா' கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் ஏட்டிடம் முதலில் சொன்னது இதுதான்: கையில் நூல் இருந்தது, பாதியில் விட்டால் மொத்தச் சுற்றும் அவிழ்ந்துவிடும், முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நம்பினார். நஞ்சுண்டனின் மகள் ரித்திகாவும் நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கற தைரியத்துலதானுங்க அங்கிள் அப்பாவ ஆத்துக்கே உட்டோம்" என்று அழுதாள். காபி வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள்தான் நம்பவில்லை. என் வைஸை எடுத்துவரச் சொன்னீர்கள். அதில் நூல் மாட்டிய பாபினைத் தொங்கவிடச் சொல்லி, விரலால் தட்டி ஆட்டிப் பார்த்தீர்கள். கனமான பித்தளைப் பிடி போட்ட பாபின். நஞ்சுண்டன்தான் எனக்காகக் கடைசல் பட்டறையில் செய்து கொண்டுவந்தார்.

"எங்கம்மா முப்பது வருசம் தறி ஓட்டுனவங்க, ஐயா. நூலு எப்ப அவுரும், எப்ப அவுராதுன்னு எனக்குத் தெரியுமுங்க. இந்தப் பிடி எதுக்குங்க இத்தன கனம்?"

"நூலை இழுத்துப் பிடிக்கறதுக்கு."

"அப்பக் கைய உட்டா?"

"தொங்குமுங்க."

"அவுராதுங்களா?"

"ஒரு வருசம் தொங்கினாலும் அவுராதுங்க, மேடம்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது வருஷமாகப் பூச்சி கட்டுகிறேன். என் வேலையைப் பற்றிச் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள். அதற்காகவே மீதியையும் சொல்கிறேன்.

கொடிகள் இரண்டும் உங்கள் மேஜையில் இருக்கின்றன. சிவப்பில் சுற்றிய ரப்பர் பேண்டு கழற்றப்படவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். கிழவன் மறந்துவிட்டான், இல்லையென்றால் மறந்த மாதிரி உட்கார்ந்துவிட்டான் என்று முடிவு கட்டுவீர்கள். அந்தப் பேர் எனக்கு வேண்டாம். டியூட்டியில் அசட்டை என்று ஒரு ரிமார்க் கூட என் சர்வீஸ் புத்தகத்தில் கிடையாது.

சங்கு ஓய்ந்ததும் பாபினைத் தொங்க விட்டேன். எழுந்து நின்றேன். தண்ணீர் லேசாகக் கலங்குவதை அவரே கவனித்திருக்கிறார். பாறையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, பதினொரு வருஷப் பழக்கம், திரும்பி என்னைப் பார்த்தார்.

கையை நன்றாக உயர்த்தி, அவருக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி, பச்சையைக் காட்டினேன்.

தலையாட்டிவிட்டுக் காலை மேலே எடுத்துக்கொண்டார். நான் உட்கார்ந்து பூச்சியை முடித்தேன்.

முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு நாளும் நான் தப்பான கொடி காட்டியதில்லை, மேடம். சனிக்கிழமையும் காட்டவில்லை.