அச்சில் மட்டும் இருக்கும் தோட்டம்

இந்த அவைக்கு அணி சேர்க்கும் அக்கிராசனாதிபதி, ஈப்போ நகரத்து வணிகப் பெருந்தகை வயிரவன் செட்டியார் அவர்களே! மூன்றாம் ஆண்டு நிறைவு காணும் ‘கிந்தா தீபம்’ வாரப் பத்திரிகையின் ஆசிரியர், ஏடறிந்து எழுத்தறிந்து எழுதும் உடையப்பன் அவர்களே! காம்பாரிலிருந்தும் லகாட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே! பச்சைக் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு பாயில் அமர்ந்திருக்கும் என் பாசமிகு தாய்மார்களே! நாற்காலி கிடைத்த கனவான்களே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் என் கண்மணிகளே! உங்கள் அனைவரின் பாதம் நோக்கி இந்த எளியவனின் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். தாப்பா ரோடு ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. என் பெயர் பழனியப்பன். வாராவாரம் ஈப்போவிலிருந்து ரயிலேறி வரும் ‘கிந்தா தீபம்’ கட்டுகளை இறக்கி, எந்தக் கட்டு எந்தத் தோட்டத்துக்கு என்று பார்த்து ஒப்படைப்பவன். கட்டைத் தூக்குகிறவன் கட்டுக்குள் இருப்பதைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை பேசட்டுமே என்று ஆசிரியர் அவர்கள் அன்போடு அழைத்தார்கள். மாலையும் போட்டார்கள். மல்லிகை மாலை, மணக்கிறது. ஆனால் ஐயா, மாலை போட்டால் மனச்சாட்சி மூடிக்கொள்ளுமா?

இந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. பேராக் மாநிலத்தில் நம் ஜனங்கள் வேலை செய்யும் எல்லாத் தோட்டங்களிலும் ஞாயிறுதோறும் ‘கிந்தா தீப’த்தை உரக்க வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற தீர்மானம். நல்ல தீர்மானம்தானே என்கிறீர்கள். கை தூக்கத் தயாராக இருக்கிறீர்கள். தூக்குங்கள், தடுக்கவில்லை. தூக்குவதற்கு முன்னால் ஒரு தோட்டத்தில் வாசித்ததைக் கேட்டு ஒரு குடும்பம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

தாப்பாவுக்குப் பத்துக் கட்டை தூரம் தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம். ஆற்றின் மேல் கோணலாகப் போட்ட மரப்பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் நம் ஜனங்கள் அதைக் கோணப்பாலம் என்பார்கள். தோட்ட வாசலில் பலகை இருக்கிறது. அதில் இங்கிலீசில் வேறு பெயர். அந்தப் பெயர் துரைக்குத் தெரியும், கடுதாசிக்குத் தெரியும், பார்சல் குமாஸ்தா எனக்குத் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருந்ததில்லை. துரைமார் ஒரு பெயர் வைப்பார்கள், உழைக்கிறவர்கள் தாங்கள் கண்டதை வைத்து ஒரு பெயர் வைப்பார்கள். இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தானே? என்ன, பின்னால் சிரிக்கிறீர்கள்? ஒட்டகமேட்டுத் தோட்டமா? அதுவும் அப்படித்தான் அண்ணே. அதற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருக்கும், போய்ப் பாருங்கள்.

அந்தக் கோணப்பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையில் ஜனங்களை உட்கார வைத்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் ராஜு கிராணி ‘கிந்தா தீபம்’ வாசிக்கிறார். தாப்பா வட்டாரத்தில் ‘ஹார்விண்டன் எஸ்டேட்’ என்று ஒரு தோட்டம் உண்டாம். அதை ஆசிரியர் நேரில் கண்டு வந்தாராம். அங்கே லயத்துக்கு லயம் குழாயில் தெளிந்த தண்ணீர் வருமாம். வாரம் தவறாமல் டாக்டர் வருவாராம். பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளுக்குப் பசும்பால் உண்டாம். பாரில் இதுபோல் ஒரு பாக்கியத் தோட்டம் உண்டோ என்று கட்டுரை முடிகிறது. நடை என்ன நடை! நானே ரயில் நிலையத்தில் நின்றபடி படித்து மெய்ம்மறந்தேன்.

அந்தக் கூட்டத்தில் வீரம்மா என்ற பெண் உட்கார்ந்திருந்தார். பால் மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் இறக்குகிறவர். அந்த வருஷ மழைக்காலத்தில் அவருடைய மூத்த பிள்ளை பேதியில் செத்துப்போயிருந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்தது. அந்தச் சாவு பத்திரிகையில் வந்ததா? வரவில்லை. வருமா? வராது. இளைய பிள்ளை மடியில் சுருண்டு கிடந்தது, அதற்கும் வயிறு சரியில்லை. வீரம்மா எழுந்து கேட்டார்:

“கிராணி ஐயா, அந்தத் தோட்டத்துல ஆளு எடுக்குறாங்களா?”

ராஜு கிராணி அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினார். பின்னொரு நாள் நான் அவரைக் கேட்டேன், ஏனய்யா அப்போதே சொல்லித் தொலைக்கவில்லை என்று. அவர் சொன்னார்: “எப்படி சார் சொல்றது? எனக்கே வெக்கமா இருந்திச்சு. பக்கத்துல பெரிய கங்காணி வேற நிக்கிறாரு. எனக்கும் பிள்ள குட்டி இருக்கு லா.” அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தால் வேலை போகும் என்று தெரிந்தவர் அவர். வாயைத் திறந்தாலும் வேலை போகாத பெரியவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்!

வீரம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவில்லை. புருஷன் பத்துமலையைக் கூட்டிக்கொண்டு, சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடந்தார்கள். மதிய வெயில் மண்டையைப் பிளக்க என் பார்சல் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

“அண்ணே, டிக்கெட்டு ரெண்டு குடுங்க. இந்தத் தாள்ல இருக்கிற தோட்டத்துக்கு.”

அம்மா, டிக்கெட் அங்கே, இது பார்சல் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தாளைப் பார்த்தேன். “ஹார்விண்டனுக்கா? அங்க உங்களுக்கு யாரு இருக்கா?” என்றேன்.

“யாரும் இல்லண்ணே. குழாத் தண்ணி இருக்காம். பிள்ளைக்குத் தாங்கல, அதான் போறோம்.”

“இப்ப எங்கேருந்து வாரீங்க?”

“கோணப்பாலத்துல இருந்து.”

சபையோர்களே! கோணப்பாலம்தான் ஹார்விண்டன்! ஹார்விண்டன்தான் கோணப்பாலம்! கட்டுகளில் அந்தப் பெயரை எழுதிக் கை தேய்ந்தவன் நான். குழாய் இல்லாத தோட்டத்தை விட்டு, அதே தோட்டத்தின் குழாயைத் தேடி, ஒரு தாய் வெயிலில் வந்து நிற்கிறாள்!

சிரிக்காதீர்கள். கூடத்தில் சிலர் சிரிக்கிறீர்கள். வேண்டாம், ஐயா, வேண்டாம். அவர் ஏமாளி என்றா சிரிக்கிறீர்கள்? சொல்லுங்கள், தான் வாழும் வீட்டைப் பற்றி எழுதியதைக் கேட்டு, இது என் வீடு இல்லை என்று ஒருவர் நினைத்தால், குற்றம் கேட்டவர் காதிலா, எழுதியவர் கையிலா?

நான் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். அம்மா, இது உங்கள் தோட்டம்தான் என்றேன். பத்துமலை புரிந்துகொண்டார். பார்சல் நிறுக்கும் தராசுப் பலகையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீரம்மா ஒப்பவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அண்ணே, கங்காணி பொய் சொல்லுவாரு, தெரியும். துரை பொய் சொல்லுவாரு, அதுவும் தெரியும். இம்புட்டுத் தாள் செலவழிச்சு, படிச்சவங்க உக்காந்து எழுதி, ரயில்ல ஏத்தி ஊரு ஊரா அனுப்பி, அதுல போயி பொய் சொல்லுவாங்களாண்ணே? வேற தோட்டம் இருக்கும். உங்களுக்குத் தெரியல.”

இதற்கு என்ன பதில் சொல்வது? இந்த மேடையில் இத்தனை அறிஞர்கள் இருக்கிறீர்கள், நீங்கள் யாராவது சொல்லுங்கள்! தீபம் என்று பெயர் வைத்தோம். அந்தத் தீபத்தை ஒரு தாய் நம்பினாள். நம்பி நடந்தாள். எங்கே கொண்டுபோய் நிறுத்தினோம் அவளை?

திரும்பிப் போனார்கள். வேறு எங்கே போவார்கள்? பாலத்துக்கு இந்தப் பக்கமே கங்காணி நிறுத்திவிட்டார். சொல்லாமல் போனவர்களுக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை என்றார். அடுத்த வாரக் கட்டு வந்தது. நான்தான் அவிழ்த்தேன். ‘கள்ளின் மயக்கத்தில் கடமை மறந்த கூலிகள்’ என்று தலைப்பு. பாக்கியத் தோட்டத்தை உதறிவிட்டு ஓடிய நன்றி கெட்டவர்கள் என்று கீழே இரண்டு பெயர். பத்துமலை. வீரம்மா. கள்ளை வாயில் வைத்தறியாத அந்த மனிதரையும் பிள்ளைக்குத் தண்ணீர் தேடிப் போன அந்தத் தாயையும் பற்றி அப்படி எழுதினார்கள். அன்றிலிருந்து எந்தத் தோட்டத்து வாசலில் போய் நின்றாலும், ஓ, பேப்பரில் வந்த ஆளா என்று விரட்டுகிறார்கள்.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார்கள். ஐயா, செட்டியார் அவர்களே, அச்சு இயந்திரம் வாங்க வாரிக் கொடுத்தவர் தாங்கள். தங்கள் மணிக்குக் கட்டுப்பட்டவன் நான். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அடித்து முடித்துவிடாதீர்கள்.

நான் ஈப்போவுக்கு வந்து ஆசிரியரைப் பார்த்தேன். மறுப்பு ஒன்று போடுங்கள், அவர்கள் குடிகாரர்கள் அல்லர் என்று ஒரு வரி போடுங்கள் என்று மன்றாடினேன். ஆசிரியர் கெட்டவர் அல்லர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்: “பழனியப்பன், கூலி ஜனங்களா சந்தா கட்டுறாங்க? தோட்டத்துக் கம்பெனிதான் மொத்தமா வாங்குது. அவங்க கைய எடுத்தா அச்சாபீஸ் கதவச் சாத்த வேண்டியதுதான். நானும் குடும்பஸ்தன்.” தண்ணீர்க் குழாயை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். துரை பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன் என்றார். பங்களாவில் குழாய் இருக்கிறது ஐயா, இல்லையென்று யார் சொன்னது? லயத்துக்குப் போனீர்களா என்றேன். மழை பெய்தது என்றார்.

கேட்டீர்களா கனவான்களே! கம்பெனி காசு கொடுக்கிறது, ஆசிரியர் எழுதுகிறார், கிராணி வாசிக்கிறார், கூலி கேட்கிறான். இதில் கேட்கிறவன் பேசுகிற இடம் எங்கே இருக்கிறது? துரை இங்கிலீசில் சொன்னால் நம் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். அதையே தமிழில் சொல்ல ஒரு நாக்கு வேண்டியிருந்தது. அந்த நாக்கை நாம் கொடுத்தோம். நல்ல தமிழில் கொடுத்தோம். நெஞ்சு கொதிக்கிறது எனக்கு!

போன மாதத்துத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு கனவான் வீட்டுக் கலியாணத்துக்குப் பக்கம் முழுவதும் இடம். வந்தவர் பெயர், வாழ்த்தியவர் பெயர், வாசித்த மேளக்காரர் பெயர். அதே தாளின் மூலையில், மரம் விழுந்து ‘கூலி ஒருவன்’ மரணம். அவனுக்குப் பெயர் இல்லையா? அவன் தாய் அவனைக் கூலி ஒருவனே என்றா கூப்பிட்டாள்? செத்தால் கூலிக்குப் பெயர் கிடையாது, உழைத்தால் பெயர் கிடையாது. திட்டும்போது மட்டும் பெயர் கிடைக்கிறது, அதுவும் தப்பாமல், எழுத்துப் பிழையில்லாமல்!

இதில் ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் என்ன செய்தோம்? குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், கணக்கர்கள், நாம் இந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதே ஒரு கௌரவம் என்று பிடித்தோம். நம் பெயர் வந்ததா என்று பார்த்தோம். வந்திருந்தால் வெட்டி வைத்தோம். நாம் படித்தவர்கள், அவர்கள் கேட்கிறவர்கள் என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். கோணப்பாலத்து ஆற்றை விட அகலமான ஆறு அந்தக் கோடு. அதன் மேல் பாலமே இல்லை.

ஆகவே சபையோர்களே, தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள், ஆனால் அதைத் திருத்தித் தூக்குங்கள். எல்லாத் தோட்டத்திலும் வாசிக்கட்டும். வாசிக்கும் முன்னால் எழுதுகிறவர் பாலத்தைத் தாண்டட்டும். லயத்துக்குப் போகட்டும். அங்குள்ள தண்ணீரை அள்ளிக் குடிக்கட்டும். யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் சொன்ன மறுப்பையும் அதே எழுத்தில், அதே பக்கத்தில் போடட்டும். அதற்குக் கம்பெனி கையை எடுத்தால் எடுக்கட்டும்! மூன்று நாலு கடை முதலாளிகள் சேர்ந்து நடத்த முடியாதா ஒரு தாளை? பால் மரம் வெட்டுகிறவர்கள் ஆளுக்கொரு காசு போட்டு நடத்த முடியாதா? முடியும் என்கிறீர்கள்! கதவோரம் நிற்பவர்கள்தான் முதலில் சொல்கிறீர்கள்! நாற்காலிகளிலிருந்தும் கேட்கட்டுமே!

செட்டியார் அவர்கள் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். தங்கள் பெரிய மனசுக்கு என் கும்பிடு.

இனி ஒன்றுதான். பாயில் தாய்மார்கள் வரிசையில், தூணோரமாக, நீலக் கண்டாங்கி கட்டி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் வீரம்மா. காலை வண்டியில் என்னோடு வந்தார். மன்னிப்புக் கேட்க வைப்பதற்காக நான் கூட்டி வரவில்லை. அவர்தான் வருகிறேன் என்றார். ஏனம்மா என்று கேட்டேன். மடித்த அந்தத் தாளைக் காட்டிச் சொன்னார்: “எழுதினவரு வருவாருல்ல? அந்தத் தோட்டம் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமில்ல? கேட்டுட்டு அப்படியே போயிடுறேண்ணே.”

இன்னும் நம்புகிறார், ஐயா! ஒரு பிள்ளை போயிற்று, வேலை போயிற்று, வீடு போயிற்று, பெயர் போயிற்று. அச்செழுத்தின் மேல் உள்ள நம்பிக்கை மட்டும் போகவில்லை. அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு அந்த உரிமையும் இல்லை, எழுதியது நான் இல்லையே.

பொறுமையாக இடம் தந்த தலைவருக்கும், குறுக்கே கேட்டும் சிரித்தும் கலங்கியும் என்னோடு இருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. தாய்மார்களே, அவருக்குக் கொஞ்சம் வழி விடுங்கள், எழுந்து நிற்கிறார். ஆசிரியர் அவர்களே, தங்களுக்கும் என் வணக்கம். மேடையை விட்டு இறங்கும் படிக்கட்டு இந்தப் பக்கம் இருக்கிறது.