காரமில்லாத பக்கம்

— அதான் கேக்கறேன், மாப்பிள்ள. அடுப்பு எங்க? மேசை மேல சட்டி கொதிக்குது, குனிஞ்சு பார்த்தா என் செருப்புதான் தெரியுது.

— மேசைக்குள்ளயே இருக்கு அத்தை. இந்தக் கண்ணாடிக்குக் கீழ செம்புக் கம்பியைச் சுருட்டி வச்சிருக்கான். அதுல கரண்ட் மாறி மாறி ஓடும்போது காந்தம் உண்டாகும். அந்தக் காந்தம் சட்டியோட அடியைச் சூடாக்கும். இங்க ஓரத்துல கையை வைங்க. சுடுதா?

— சுடல.

— அதுல பாருங்க, சூடாகறது சட்டி மட்டும்தான். நெருப்பே கிடையாது.

— சரி, சட்டிக்கு நடுவுல எதுக்குச் சுவரு? அண்ணன் தம்பி சொத்துப் பிரிச்ச மாதிரி.

— என் பக்கம் மிளகாய் எண்ணெய் மிதக்குற சூப்பு. உங்க பக்கம் காளானும் இஞ்சியும் போட்டது, காரமே இல்ல. மீனு, காய், கீரை எல்லாம் பச்சையா வரும். நாமளே முக்கி, வேக வச்சு எடுத்துக்கணும்.

— நல்லாருக்கு நியாயம்! இவ்வளவு பெரிய கடை, குளுகுளுன்னு ஏசி, சமைக்கிறது மட்டும் நான். இதுக்கு வீட்லயே இருந்திருப்பேனே. ஐயய்யோ, இது என்ன, ஆள் இல்லாம ஒரு வண்டி வருது!

— தட்டு கொண்டு வர்ற ரோபோ அத்தை. நம்ம தட்டை எடுத்துக்கிட்டா அதுவா திரும்பிப் போயிடும்.

— இந்தாப்பா, மெதுவாப் போ, யார் கால்லயாவது ஏத்திடாத. பாருங்களேன், சொன்னதும் ஒதுங்கிப் போகுது. போய்ச் சேர்ந்த உங்க மாமனாரைவிடத் தேவலை.

— அத்தை, அதைக் கடிக்காதீங்க! அந்த டிம் சம் கொழுக்கட்டைக்குள்ள கொதிக்கக் கொதிக்க சூப்பு இருக்கு. கரண்டில வச்சு, ஓரமா ஒரு ஓட்டை போட்டு, முதல்ல உறிஞ்சிடுங்க.

— இந்தத் துளியூண்டு சுருக்குப் பைக்குள்ள சூப்பை எப்படி ஊத்தினான்? ஊசி போட்டானா?

— அப்படிக் கேளுங்க! ஊத்தவே இல்ல. எலும்பு வேக வச்ச சூப்பை ஆற வச்சுக் குளிர வச்சா, ஜெல்லி மாதிரி கெட்டியாயிடும். அதை நறுக்கி, கறியோட சேர்த்து உள்ள வச்சு மாவை மடிச்சிடுவாங்க. ஆவில வேகும்போது உள்ளுக்குள்ளயே உருகிடும்.

— கெட்டிக்காரன்தான். ஆமா, நாம ரெண்டு பேரு. கிண்ணம் எதுக்கு மூணு வச்சிருக்கான்?

— ஒருத்தர் வர்றாங்க.

— அதானே பார்த்தேன். லிப்ட் ரிப்பேர் பண்றவர் மேல சென்ட் வாசனை அடிக்குது, சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாம இருக்குதுன்னு. பொண்ணா?

— கீரை வெந்துடுச்சு அத்தை, எடுங்க. ரொம்ப நேரம் விட்டா...

— கீரை கிடக்கட்டும். ஒரு கல்யாணம் பண்ணிக்கோங்க, ஒரு கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. இப்பவாவது காதுல விழுந்துச்சே. என்ன வேலை பண்றாங்க?

— கண்ணு சம்பந்தப்பட்ட வேலை.

— கண் டாக்டரா!

— டாக்டர்னு சொல்ல முடியாது. நல்ல மனசு, நிதானமான ஆளு. பேச்சுதான் கம்மி.

— பேச்சு கம்மின்னா ரொம்ப நல்லது. நீங்க விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அடுத்தவங்களுக்கு எங்க இடம்? மாப்பிள்ள, அவங்க வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடறேன்.

— சொல்லுங்க.

— என் மக போனப்ப குட்டிக்குப் பால் பல்லு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. பெத்தவ இல்ல, பெத்தவளைப் பெத்தவளாவது இருக்கட்டும்னு வந்தேன். இன்னிக்கு அவ காலேஜ் ஹாஸ்டல்ல உக்காந்துக்கிட்டு, "பாட்டி, கிளாஸ் இருக்கு, போனை வை"ங்கறா. வந்த வேலை முடிஞ்சுது. புதுசா ஒருத்தி வாழ வர்ற வீட்ல, போனவளோட அம்மா நடுவுல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நான் கிளம்பிடறேன்.

— எங்க, உங்க அக்கா வீட்டுக்கா? ரெண்டு நாள் சேர்ந்து இருந்தீங்கன்னா மூணாவது நாள் பஞ்சாயத்துக்கு நான்தான் வரணும்.

— எங்கயோ போறேன். எனக்கா இடம் இல்ல?

— சூட்டைக் கொஞ்சம் குறைக்கிறேன் அத்தை. நான் பேசணும்.

— பேசாம இருந்தாத்தான் அதிசயம்.

— இது விளக்கம் இல்ல. அவ போனதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் பேச்சையே விட்டுட்டேன், ஞாபகம் இருக்கா? வேலைக்குப் போவேன், வருவேன், சுவரைப் பார்த்து உக்காருவேன். சாப்பாடு போட்ட தட்டு போட்டபடி இருக்கும். நீங்க ஒரு நாள்கூட "சாப்பிடுங்க"ன்னு சொல்லல. "ஏன் மாப்பிள்ள, கயிறு அறுந்தா லிப்ட் தொபுக்கடீர்னு கீழ விழுந்துடாதா?"ன்னு கேட்டீங்க.

— கேட்டேன்.

— மறுநாளும் அதையே கேட்டீங்க. அதுக்கு மறுநாளும். நான் சொல்வேன். வேகம் அளவுக்கு மீறினா மேல இருக்கிற சக்கரம் பூட்டிக்கும், கூண்டுக்கு அடியில இருக்கிற தாடை ரெண்டும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும், விழாது அத்தைன்னு. "அப்போ விழாதா?" "விழாது." சொல்லிக்கிட்டே எத்தனை வாய் சாப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. வந்தவங்க எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான், விழாதுன்னு என் வாயாலயே சொல்ல வச்சீங்க.

— போங்க மாப்பிள்ள. எனக்கு நிஜமாவே அது இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

— உங்களுக்கும்தான் பெத்த பொண்ணு போனா. நீங்க அழுததை நான் பார்த்ததே இல்ல. இதுக்கெல்லாம் நன்றின்னு ஒரு வார்த்தையில சொன்னா வாயே கூசுது. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.

— சூப்பை வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கறீங்களாக்கும். பொண்ணைப் பறிகொடுத்தவளுக்குக் காலைல எந்திரிக்க ஒரு காரணம் வேணும். இவருக்கு டிபன் கட்டணும், அவளுக்குத் தலை பின்னணும்னு எந்திரிச்சேன். அந்தக் காரணத்தைக் கொடுத்தது நீங்க. நான்தான் நன்றி சொல்லணும்.

— சரி, மூக்குக் கண்ணாடியைத் துடைங்க அத்தை. ஆவி படிஞ்சிருக்கு.

— ஆவியில்ல, ஒண்ணுமில்ல. தானா போயிடும். ஏதோ பூச்சு பூசிக் கொடுத்திருக்கார், நம்ம தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர்.

— அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இந்தக் கண்ணாடி மாசத்துக்கு எத்தனை தடவை லூசாகுது?

— அது... காதுகிட்ட இருக்கிற ஸ்க்ரூ கழண்டுக்குது. போய் முடுக்கிட்டு வருவேன். நாலு எட்டு நடைதானே.

— நான் ஸ்க்ரூவை நம்பிப் பொழப்பு நடத்தறவன் அத்தை. ஒழுங்கா முடுக்கின ஸ்க்ரூ இப்படிக் கழண்டுக்கிட்டே இருக்காது. ஒண்ணு, அவர் வேணும்னே அரைகுறையா முடுக்கறார். இல்லன்னா, நம்ம வீட்லயே யாரோ உக்காந்து கழட்டறாங்க.

— என்ன பேச்சு இது, பொது இடத்துல!

— போன வாரம் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். கையில ஒரு லென்ஸை வச்சுக்கிட்டுத் துடைச்சார், துடைச்சார், தேய்ஞ்சே போயிருக்கும். கடைசில, "உங்க வீட்ல கேக்கறதுக்குப் பெரியவங்கன்னா நீங்கதான். உங்க அத்தையை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா?"ன்னார்.

— கீரை ஆறுது, எடுத்துக்கோங்க.

— மாமியாரைப் பொண்ணு கேட்டு மருமகன்கிட்ட வந்த ஆளை நான் கேள்விப்பட்டதில்ல. முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். உங்களுக்குன்னு நீங்க எதையும் கேட்டு நான் பார்த்ததில்லையேன்னு தோணுச்சு.

— அப்போ இப்ப வர்றது...

— எனக்குப் பொண்ணு இல்ல அத்தை. உங்களுக்கு மாப்பிள்ளை.

— அதாவது, என்னை வீட்டை விட்டு அனுப்பறீங்க.

— ஐயோ, அப்படி மட்டும் நினைக்காதீங்க. அது உங்க வீடு. எங்க இருந்தாலும் சாவி உங்ககிட்டதான் இருக்கும். "இஷ்டமில்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சாப்பிட்டுட்டு நம்ம வீட்டுக்குப் போவோம், இந்தப் பேச்சு மறுபடி வராது. குட்டிகிட்ட மட்டும் சொன்னேன். "பொண்ணுக்குத் தோழி நான்தான், வேற யாரையும் வைக்கக் கூடாது"ன்னு குதிக்கிறா.

— அவளும் கூட்டா!

— அழறீங்களா அத்தை?

— காரம்.

— நீங்க சாப்பிடறது காரமில்லாத பக்கம்.

— அப்போ இஞ்சி. எது வேணா இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கு எல்லாத்துக்கும் காரணம் தெரியணும்.

— அதோ, வந்துட்டார். கதவுக்கு வெளிய நிக்கிறார் பாருங்க, சட்டைப் பட்டனைப் போடறதும் கழட்டறதுமா. கூப்பிடவா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்.

— கூப்பிடுங்க. ஆனா உங்க பக்கத்துல உக்கார வைக்காதீங்க, இங்க வரட்டும். அவருக்கு வயித்துப்புண், மிளகாய் பட்டா ராத்திரி பூரா தூங்க மாட்டார்.

— அது உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?

— அவர் என்னைக் கேட்டு மூணு வருஷமாச்சு, மாப்பிள்ள. குட்டி படிக்கப் போகட்டும், எங்க வீட்ல ஒருத்தர் நான் பக்கத்துல உக்காராமலே வயிறு நிறையச் சாப்பிடற நாள் வரட்டும், அப்புறம் அவர்கிட்டயே போய்க் கேளுங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன்.