பேட்டரியில் மிச்சம் வைத்த மகபூப் பீவி அவர்களுக்கு

இன்வெர்ட்டர் காலத்தில் இங்கே நுழைந்து, சூரியப் பலகைக் காலம்வரை சோர்வின்றி நின்ற எங்கள் இன்முகமே, மேற்கு மலை மேகத்தின் மனமறிந்த மதிநுட்பமே, முழங்கால் வலியை மறைத்து மாடிமாடியாய் ஏறிய மாண்பே, இன்று பணி ஓய்வு பெறும் சேவைப் பிரிவின் தலைவி மகபூப் பீவி அவர்களே, வணக்கம்.

எதிரே உட்காரவைத்துப் புகழ்ந்தால், "போதும் விடுங்கப்பா" என்று எழுந்துவிடுவீர்கள் என்பது இருபத்து மூன்று ஆண்டுப் பழக்கத்தில் நாங்கள் அறிந்ததே. ஆகவே யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல் இதைக் கேட்டு, முடியும்வரை இருக்கையில் இருந்தருள வேண்டுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறை நம் வாடிக்கையாளர் வீடுகளுக்கு வந்தது. வெயில் கொட்டும் பகலில் மின்சாரத்துக்கு விலை குறைவு. விளக்கேற்றும் மாலையில் விலை அதிகம். சூரியப் பலகையும் பேட்டரியும் பொருத்தும் நம் நிறுவனம் வாங்கிய செயலி அதற்கேற்ப எல்லா வீட்டுப் பேட்டரிகளையும் ஓட்டியது. பகலில் நிரப்பும், மாலையில் வழித்தெடுத்து மின்வாரிய லைனுக்கு விற்கும். மறுநாள் வெயில் வந்து மறுபடி நிரப்பிவிடும் என்பது அதன் கணக்கு. உரிமையாளர் ஃபாரூக் மகிழ்ந்தார். பீவி அக்காவும் மகிழ்ந்தார். அந்த அமைப்பை வீடுவீடாகப் போட்டதே அவர்தான்.

அந்த ஆடியில் ஒருநாள் காலை, வாசுதேவநல்லூரில் காற்றுக்கு மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. மலையை மூடிய மேகம் ஊரையும் மூடியிருந்தது. பத்து மணிக்கு அங்கிருந்து தேன்மொழி அழைத்தார். வீட்டில் நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவர்.

"அக்கா, பேட்டரி காலியாக் கெடக்கு. நேத்து சாயந்தரமே எல்லாத்தையும் வித்துட்டு. பெட்டி குளுந்துக்கிட்டே வருது. அறுநூறு முட்டக்கா. இன்னும் மூணே நாளுதான் இருக்கு."

அந்த வீட்டில் அப்படியொரு பெட்டி ஓடுவதே அக்காவுக்குத் தெரியாது. அவர் கேட்டிருக்கவில்லை.

"பெட்டியத் தெறக்காத தாயி. மேல கம்பளியப் போட்டு மூடு. நான் வாரேன்."

அலுவலகத்துக்கென்று நிரப்பி வைத்திருந்த பேட்டரியைக் கழற்றச் சொன்னார். ஓட்டுநர் மாரிசெல்வம் சுமை ஆட்டோவில் ஏற்ற, அக்கா பின்னால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். புளியங்குடியில் எலுமிச்சை லாரிகள் வழிமறித்து நின்றபோது இறங்கிப்போய்த் தாமே வழி ஒதுக்கினார். போய்ச் சேர்ந்தபோது தேன்மொழி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியைச் சுற்றி அடுக்கியிருந்தார். கால்மணி நேரத்தில் பெட்டியின் விசிறி சுழன்றது.

"ஒங்க மேல என்ன தப்புக்கா, மெஷின் செஞ்சதுக்கு" என்றார் தேன்மொழி.

"மெஷினுக்கு முட்டையத் தெரியுமா? ஒன் வீட்ல என்ன ஓடுதுன்னு கேக்காமப் போட்டுட்டுப் போனவ நான்."

மூன்றாம் நாள் தேன்மொழி ஒரு காணொளி அனுப்பினார். ஈரச் சிறகோடு ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நானூற்றுக்கு மேல் குஞ்சுகள். அக்கா அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினார். பிறகு தம் மேசைக்குப் போய் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே, அக்காவை 'லாத்தா' என்றே அழைக்கும் ஃபாரூக்கிடம் போனார். எல்லா வீடுகளிலும் பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்றார்.

"லாத்தா, மிச்சம் வச்சா விக்கிறது கொறயுமே. அதச் சொல்லித்தானே நாம வியாபாரமே பண்ணுதோம்?"

"கொறயட்டும் தம்பி. வீட்டுக்குப் போக மீதியத்தான் விக்கணும். அப்படிச் சொல்லியே வியாபாரம் பண்ணுவோம்."

ஃபாரூக் அரைமனதாய்த் தலையாட்டினார். அக்கா இருநூற்றுப் பதினான்கு வீடுகளுக்கும் அழைத்தார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "கரண்ட் போனா ஒங்க வீட்ல எது நிக்கக் கூடாது?" ஒருவர் தாயாரின் மூச்சுக் கருவி என்றார், ஒருவர் மருந்து வைத்த குளிர்பெட்டி என்றார், இளையரசனேந்தலில் ஒருவர், "மின்விசிறி நின்னா எம் மாமியா நிக்க மாட்டாவ" என்றார். அந்த மாமியாருக்கும் மிச்சம் வைக்கப்பட்டது.

மேகம் இறங்கும் மலையடி வீடுகளில் காலை வெயிலே முதலில் பேட்டரிக்குப் போக, மீதி மட்டும் லைனுக்குப் போகும்படி மாற்றினார். வானம் திறந்த இளையரசனேந்தல் பக்கம் அந்த அவசரம் தேவைப்படவில்லை. அங்கே மிச்சம் போக மாலை விற்பனை பழையபடி நடந்தது. ஓராண்டில் நம் வாடிக்கையாளர்கள் முந்நூற்றைத் தாண்டினர். புதிதாய் வந்தவர்களில் பலர் தேன்மொழி சொல்லி வந்தவர்கள் என்று ஃபாரூக்கே எங்களிடம் சொன்னார்.

சென்ற வாரம் மீண்டும் காற்று. மலையடி ஊர்களில் காலையில் அறுந்த லைன் மறுநாள் மதியம்தான் சரியானது. அந்த இரண்டு நாளும் சேவைப் பிரிவின் தொலைபேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன்தான் செத்துவிட்டதோ என்று தம் கைப்பேசியிலிருந்து அந்த எண்ணுக்குத் தாமே அழைத்துப் பார்த்தார். மணி கணீரென்று அடித்தது. அக்கா சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

அக்கா, இனி எங்கள் அழைப்புகள் உங்கள் வீட்டுக்கு வரும், எடுத்தருளுங்கள். வலி குறைந்த முழங்காலும், வாட்டமில்லா உடல்நலமும், மதிய உறக்கம் கலையாத நெடுநாட்களும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

என்றும் உங்கள் பிள்ளைகளாய்,
சேவைப் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்,
சங்கரன்கோவில்.